மானியம் யார் பெயருக்கு வருகிறது? வானூர் விவசாயிகள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

2025 நவம்பர் 19ஆம் தேதி கோவையில் நடந்த இயற்கை வேளாண்மை மாநாட்டில், பி.எம். கிசான் திட்டத்தின் 21ஆவது தவணையைப் பிரதமர் விடுவித்தார். நாடு முழுக்க ஏறத்தாழ 9 கோடி விவசாயிகளின் வங்கிக் கணக்குக்குத் தலா 2,000 ரூபாய் போனது. அதற்கு இரண்டு நாள் கழித்து வேறு வேலையாகக் கிளியனூர் பக்கம் போயிருந்தேன். டீக்கடையில் இரண்டு பேர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார்கள். ஒருவருக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது, மற்றவருக்கு வரவில்லை. இத்தனைக்கும் வராதவர்தான் அதிக நிலத்தில் பயிர் செய்கிறவர். மூன்று ஏக்கர் குத்தகை, சொந்தமாக அரை ஏக்கர். குத்தகைக்கு எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். சொந்த நிலத்தைக் கேட்டால், "அது எங்க தாத்தா பேர்லயே கெடக்குது சார்" என்றார்.

"புதுசா என்ன ஸ்கீம் சார் வந்திருக்கு?" என்றுதான் பலரும் என்னிடம் கேட்கிறீர்கள். திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2021ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்றே தனி நிதிநிலை அறிக்கை போடுகிறார்கள். மத்திய அரசின் திட்டங்கள் வேறு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பதிவேட்டில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பணம் தருகின்றன. வெயிலில் நிற்கிறவர் யார் என்று பார்ப்பதில்லை. அதோடு, விளைவிக்கும் செலவுக்குக் கிடைக்கும் அளவுக்கு, விளைந்ததை விற்கும் இடத்தில் உதவி கிடைப்பதில்லை. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், எந்த அலுவலகத்துக்கு எப்போது போக வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். நம் பகுதியில் நடந்த இரண்டு சம்பவங்களை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

பெஞ்சல் புயல் காட்டியது

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வானூர், மரக்காணம், திண்டிவனம் பக்கம் நெல், மணிலா, மரவள்ளி, காய்கறி என்று எதுவும் தப்பவில்லை. மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிர்களில், நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500. நம் கணக்கில் சொன்னால் நெல்லுக்கு ஏக்கருக்கு 6,900 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் காணாத தொகைதான். ஆனாலும் அந்த நேரத்தில் அது பணம்.

அந்தப் பணம் யாருக்குப் போனது? வருவாய்த்துறையும் வேளாண்மைத்துறையும் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். அதற்கு அடிப்படை சர்வே எண், அடங்கலில் இருக்கும் பயிர், வங்கிக் கணக்கு. வாய்மொழிக் குத்தகையில் இருக்கும் நிலத்துக்குப் பட்டாதாரர் பெயரில் பட்டியல் போனால், பணம் அவருடைய கணக்கில்தான் விழும். மனசுள்ள நிலக்காரர் அதை எடுத்துக் கொடுப்பார். கொடுக்காத கதையையும் நான் கேட்டிருக்கிறேன். வயலில் மணலும் சேறும் மூடி, கையில் ஒரு ரூபாய்கூட வராமல் வெளியூர் வேலைக்குப் போனவரை எனக்குத் தெரியும்.

நிலக்காரர்கள் எழுதிக் கொடுக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. 1955ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு தருபவை. 'எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்' என்ற பயம் அதிலிருந்து வந்தது. உழைக்கிறவரைக் காக்க வந்த சட்டமே, அவர் பெயரைக் காகிதத்தில் ஏறவிடாமல் செய்துவிட்டது என்பது என் கருத்து. நிலக்காரரிடம் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அடங்கலில் இந்தப் பருவத்துப் பயிர் பதிவாவதும், வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறுவதும் ஒன்றல்ல. கிராம நிர்வாக அலுவலர் நிலத்தைப் பார்த்து, சாகுபடி செய்பவர் யார் என்று குறிப்பிட்டுத் தரும் அடங்கலை வைத்துக் குத்தகை விவசாயியும் பயிர்க் காப்பீட்டில் சேரலாம். பெரிய சண்டை போடாமல் செய்யக்கூடிய காரியம் இது.

சொந்த நிலம் தாத்தா பெயரில் கிடப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பி.எம். கிசானில் 2019 பிப்ரவரி 1ஆம் தேதி நிலம் யார் பெயரில் இருந்தது என்று பார்க்கிறார்கள். ஆனால் பட்டாதாரர் இறந்து வாரிசுக்கு மாறிய நிலத்துக்கு அதில் விலக்கு உண்டு. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பங்குதாரர்களின் சம்மதம் ஆகியவற்றோடு பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முடியவில்லை என்றால், குறைந்தபட்சம் கூட்டுப் பட்டாவிலாவது உயிரோடு இருப்பவர்களின் பெயர் வரட்டும். 2025 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுத்து வருகிறார்கள். அது ஆதாரையும் பட்டா நிலத்தையும் இணைக்கிற எண். வருங்காலத்தில் எல்லாத் திட்டங்களும் இந்த எண் வழியாகத்தான் வரும் என்பது தெளிவாகத் தெரிகிறது. பெயர் இல்லாத நிலத்துக்கு எண்ணும் இல்லை.

காப்பீட்டில் ஒரு மாற்றம்

பயிர்க் காப்பீட்டைப் பற்றி நம் ஊரில் கோபம் அதிகம். அதில் நியாயமும் இருக்கிறது. உங்கள் வயல் மூழ்கினாலும், இழப்பீடு கணக்கிடுவது உங்கள் வயலை வைத்து மட்டும் அல்ல. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்க்காவிலோ பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, வந்த மகசூலை முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் தருகிறார்கள். அதனால் பணம் வர மாதக்கணக்கில் ஆகிறது. பக்கத்து மேட்டு வயல்கள் தப்பித்துவிட்டால், பள்ளத்து வயல்காரருக்கு ஒன்றும் கிடைக்காமலும் போகிறது. கழுவேலி ஓரத்து விவசாயிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆலங்கட்டி மழை போல ஒரு வயலுக்கு மட்டும் வரும் சேதத்தைத் தனியாகப் பார்க்கும் பிரிவு இத்திட்டத்தில் உண்டு. 2018இல் அந்தப் பிரிவிலிருந்து நெல் வயல் மூழ்குவதை எடுத்துவிட்டார்கள். இப்போது 2026 காரிஃப் பருவம் முதல் அதை மறுபடி சேர்ப்பதாகவும், காட்டு விலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாகவும் மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. நம்மைப் போன்ற தாழ்வான கடலோரப் பகுதிக்கு நல்ல செய்திதான். ஆனால் சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புயல் நேரத்தில் மின்சாரமும் சிக்னலும் இருக்காது. ஆகவே 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணையும், பதிவு ரசீதில் இருக்கும் விண்ணப்ப எண்ணையும் இப்போதே ஒரு அட்டையில் எழுதி, பட்டா வைத்திருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள். கட்டணம் பெரிதில்லை. நெல்லுக்குக் காரிஃபில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 30,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை என்று வைத்துக்கொண்டால் ராபியில் 450 ரூபாய். தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை போகும்.

தர்பூசணி காட்டியது

இரண்டாவது சம்பவம் 2025 மார்ச், ஏப்ரலில் நடந்தது. சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் தர்பூசணியில் சாயம் ஏற்றப்படுவதாகப் பேசியது எல்லா அலைவரிசைகளிலும் ஓடியது. பிறகு அப்படிப்பட்ட பழம் இங்கே பிடிபடவில்லை என்று விளக்கம் வந்தது, தோட்டக்கலைத் துறையும் பழம் பாதுகாப்பானது என்று சொன்னது. அதற்குள் வியாபாரிகள் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். மரக்காணம், வானூர், திண்டிவனம் பகுதிகளில் வயலிலேயே பழம் அழுகியது. மழையும் இல்லை, பூச்சியும் இல்லை. ஒரு பேச்சினால் ஒரு போகம் போனது.

அப்போது என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி: "இதுக்கு எதுல சார் மனு போடறது?" என்னிடம் நேரான பதில் இல்லை. பயிர்க் காப்பீடு விலை வீழ்ச்சிக்குப் பணம் தராது. பேரிடர் நிவாரணமும் தராது. குறைந்தபட்ச ஆதரவு விலை தர்பூசணிக்கு இல்லை. இருப்பது சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஒன்றுதான். அழுகும் பொருட்களின் விலை முந்தைய இயல்பான ஆண்டைவிட 10 சதவீதமாவது குறைந்தால், மாநில அரசு கேட்டு, மத்திய அரசு ஒப்புக்கொண்டு, இரண்டும் பாதிப் பாதியாக நஷ்டத்தை ஏற்கும் திட்டம் அது. 2025 தொடக்கத்தில் இதன் விதிகளைத் தளர்த்தினார்கள். பழத்தைக் கொள்முதல் செய்யாமல், விலை வித்தியாசத்தை மட்டும் விவசாயியின் கணக்கில் போடவும் வழி செய்தார்கள். அதே ஆண்டு கோடையில் கர்நாடகத்தின் தோத்தாபுரி மாம்பழத்துக்கு 2.5 லட்சம் டன் வரைக்கும் இந்த வழியில் ஒப்புதல் கிடைத்தது.

மாம்பழத்துக்குக் கிடைத்தது தர்பூசணிக்கு ஏன் எட்டவில்லை? தர்பூசணி 70 நாள் பயிர். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் பருவமே முடிந்துவிடும். அதோடு, எத்தனை ஏக்கர், யார் பயிரிட்டார்கள், எவ்வளவு டன் என்ற கணக்கு வேண்டும். குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட நிலங்களின் கணக்கு அடங்கலில் சரியாக ஏறியிருப்பது அபூர்வம். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். இந்தப் பருவத்தில் தர்பூசணி போடுகிறவர்கள், விதைத்த பதினைந்து நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பயிரைக் காட்டி அடங்கலில் ஏற்றிவிடுங்கள். விற்ற சீட்டையும், அது துண்டுக் காகிதமாக இருந்தாலும், எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்ப்பு நாளில் நூறு பேர் கோஷம் போடுவதைவிட, நாற்பது பேர் சர்வே எண்ணோடும் சீட்டோடும் நின்றால் கோப்பு வேகமாக நகரும்.

கடனும் மானியமும்

பணத்துக்கு முதல் வாசல் இன்னமும் உங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்தான். பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை. அந்த 7 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும். மாட்டையோ நகையையோ வைத்து அந்த ஒரு வாரத்துக்குப் புரட்டினாலும் கெடுவுக்குள் கட்டுவதே லாபம். வங்கிகளில் கிசான் கிரெடிட் கார்டு மூலம் பிணை இல்லாமல் வாங்கக்கூடிய தொகை 2025 ஜனவரி முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்ந்திருக்கிறது. நிலம் இல்லாத குத்தகைக்காரர்கள் நான்கு முதல் பத்து பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் வங்கி கடன் தரலாம் என்று நபார்டு பல ஆண்டுகளாகச் சொல்கிறது. நம் வட்டாரத்தில் இதைக் கேட்டு வங்கிக்குப் போகிறவர்கள் குறைவு. பெண்கள் சுயஉதவிக் குழுவில் பழகிய முறைதான், புதிது ஒன்றுமில்லை.

சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதை விட்டுவிட்டுப் பலர் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன்.

மரச்செக்கு. வானூர், திண்டிவனம் பக்கம் மல்லாட்டை நம் சொந்தப் பயிர். டி.எம்.வி. என்று தொடங்கும் மணிலா ரகங்களின் பெயரே திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்தான். அதனால் செக்குப் போட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறுநிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் என்று விளம்பரத்தில் பார்க்கிறீர்கள். கணக்கு இப்படி: மொத்தச் செலவு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைப்பணம் 10 சதவீதம், 60,000 ரூபாய். மீதி 5.40 லட்சம் வங்கிக் கடன். மானியம் 2.10 லட்சம். ஆனால் அது உங்கள் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும். மூன்று ஆண்டுகள் தவணை தவறாமல், தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். பின்னேற்பு மானியம் என்று சொல்வது இதைத்தான். 'மானியம் வந்ததும் மல்லாட்டை வாங்கிக்கலாம்' என்று திட்டம் போட்டவர்களின் செக்கு சும்மா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கொட்டை வாங்க, ஆள் கூலி கொடுக்க, பாட்டில் வாங்கக் குறைந்தது ஒரு பருவத்துக்கான பணம் தனியாக வேண்டும். அது இல்லையென்றால் செக்கு வேண்டாம். ஊரில் ஏற்கனவே இருக்கும் செக்கில் கூலிக்கு ஆட்டி, முதலில் இருநூறு லிட்டர் விற்றுப் பாருங்கள். இந்தத் திட்டம் 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. அதைச் சொல்லி அவசரப்படுத்தும் இயந்திர வியாபாரிகளிடம் கவனமாக இருங்கள். மானியத்தை எதிர்பார்த்து விலையை ஏற்றிப் போட்ட விலைப்புள்ளி ஒன்றை இந்த ஆண்டு நானே பார்த்தேன். அந்தக் கூடுதல் விலைக்கும் வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.

இதே திட்டத்தில், உணவுப் பொருள் தயாரிக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி உண்டு. கேழ்வரகு மாவு, மல்லாட்டை உருண்டை, அரிசி முறுக்கு செய்து விற்கும் குழுக்களுக்குச் செக்கைவிட இது பொருத்தம். பெரிய கடன் தேவையில்லை. உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

விற்கும் இடம்

வானூருக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பாதிகூடப் பயன்படுத்தவில்லை. அரை மணி நேரத்தில் புதுச்சேரி. எல்லைக்கோடு நம் வயல்களுக்குள் புகுந்து புகுந்து போகிறது. அந்தப் பக்கத்து மானியம் நமக்குக் கிடையாது, ஆனால் அந்தப் பக்கத்து வயிறு நமக்குச் சந்தை. ஆரோவில்லின் பெரும்பகுதி நம் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே சில பண்ணைகள் வாரம் ஒரு கூடை என்று காய்கறி, கீரை, பழத்தைக் குடும்பங்களுக்குத் தருகின்றன. சாப்பிடுகிறவர் மாதத் தொகையைக் கட்டிவிடுகிறார், பண்ணையில் அந்த வாரம் எது விளைந்ததோ அது அவர் வீட்டுக்குப் போகிறது. ஜப்பானில் 1970களில் இல்லத்தரசிகளும் விவசாயிகளும் சேர்ந்து தொடங்கிய முறை இது. பிறகு உலகெங்கும் பரவியது. இதில் விவசாயிக்குக் கிடைப்பது முன்பணம். எந்த வங்கியும் வட்டியில்லாமல், பட்டா கேட்காமல் தராத பணம்.

நாலு ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்து பேர் சேர்ந்து, புதுச்சேரியில் இருபது வீடுகளைப் பிடித்தால் போதும், இருநூறு வேண்டாம். எடுத்தவுடன் இயற்கை விவசாயச் சான்று என்று அலையவும் வேண்டாம். நீங்கள் என்ன தெளித்தீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள், வந்து பார்க்கவும் விடுங்கள். மருந்தில்லாமல் போவதாக முடிவு செய்தால், தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தில் குழுவாகச் சேருபவர்களுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு, ஒரு ஏக்கர் வரைக்கும் ஊக்கத்தொகை இருக்கிறது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உங்கள் கிராமம் தொகுப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கூடை முறைக்கு நேரமில்லாதவர்களுக்குத் திண்டிவனம், விழுப்புரம் உழவர் சந்தைகள் இருக்கின்றன. 1999இல் மதுரையில் முதல் சந்தை தொடங்கியபோது வகுத்த கணக்கு இன்றும் பொருந்தும்: மொத்த விலையைவிட 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு. கடை வாடகை இல்லை, தராசும் கொடுக்கிறார்கள். அடையாள அட்டைக்கு மட்டும் நிலத்தை வந்து பார்ப்பார்கள். அங்கேயும் அடங்கல்தான் கேட்பார்கள்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020இல் அறிவித்த பத்தாயிரம் நிறுவனங்கள் என்ற இலக்கு 2025 பிப்ரவரியில் எட்டப்பட்டுவிட்டது. அந்தத் திட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளில் நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரையும், உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாகத் தலைக்கு 2,000 ரூபாய் வீதம் 15 லட்சம் வரையும் கிடைத்தது. அப்படி வாங்கி, அலுவலகமும் பலகையும் மட்டும் மிஞ்சியவையும் உண்டு; நன்றாக நடப்பவையும் உண்டு. நம் பக்கத்தில் ஏற்கனவே இருப்பதில் சேருங்கள். சேருமுன் கடந்த ஆண்டு எத்தனை டன் வாங்கி விற்றார்கள் என்று கணக்கைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பங்குத் தொகையைக் கட்டாதீர்கள்.

மார்கழிப் பட்ட மணிலாவும் தர்பூசணியும் விதைக்கும் நேரம் இது. கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகும்போது பட்டா நகல் அல்லது நிலக்காரரின் சர்வே எண், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அடங்கலில் பயிர்ப் பெயரும், பரப்பும், பாசன வகையும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். இறவை என்று இருக்க வேண்டியது மானாவாரி என்று விழுந்திருந்தால், சேதம் வரும் நாளில், பெஞ்சல் நிவாரணக் கணக்குப்படி பார்த்தால், ஹெக்டேருக்கு 17,000 என்பது 8,500 ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.